லாரி டாங்கில் ஒரு பெயர்!



சாலையோரம் நிற்கும் லாரியை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அதன் பக்கவாட்டில் பெரிய டாங்க் ஒன்று இருக்கும். பல லாரிகளில் அந்த டாங்கின் மேல் 'டீசல்' என்று பெயின்டில் எழுதியிருப்பார்கள். பெட்ரோல் பங்க் பக்கம் போனாலும் அதே வார்த்தைதான். அது ஒரு மனிதரின் பெயர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

ஆமாம்! ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் பெயர்தான் அது. எரிபொருள் வீணாகப் போவதைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ள முடியாத மனிதர் அவர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்று இன்று லாரிக்காரர்கள் கணக்குப் பார்க்கிறார்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதே கணக்கை நூறு ஆண்டுகளுக்கு முன்பே போட்டு, அதற்காகவே வாழ்நாளைச் செலவழித்தவர் டீசல். அவருடைய கதையைப் பார்ப்போமா?

கைவண்டி தள்ளிய சிறுவன்

1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில் பிறந்தார் ருடால்ப். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அப்பா தோல் சாமான்கள் செய்து விற்கும் கைவினைஞர். வீட்டிலேயே பட்டறை. செய்த பொருட்களைக் கைவண்டியில் ஏற்றி, கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்பின் வேலை.

வேலை இல்லாத நேரங்களில் அவன் ஓடிப் போகும் இடம் ஒன்று உண்டு. பாரிஸில் உள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகம்தான் அது. அங்கே விதவிதமான பழைய இயந்திரங்கள் இருந்தன. கூன்யோ என்பவர் 1770ஆம் ஆண்டு வாக்கில் செய்த மூன்று சக்கர நீராவி வண்டியும் அவற்றில் ஒன்று. பீரங்கிகளை இழுத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்ட வண்டி அது. இன்றைய லாரிகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம். ஆனால், கொஞ்ச தூரம் போவதற்குள் நீராவி தீர்ந்து நின்றுவிடும்! அந்த அருங்காட்சியகத்தில் உள்ள இயந்திரங்களை எல்லாம் படமாக வரைந்துகொண்டே இருப்பான் ருடால்ப்.

1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியக் குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டனுக்குப் போனது. அங்கே சாப்பாட்டுக்கே சிரமம். அதனால், 12 வயது ருடால்பை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த வீட்டுச் சித்தப்பா கணக்கு வாத்தியார். அவரிடம் இருந்துகொண்டே தொழிற்கல்விப் பள்ளியில் சேர்ந்தான் ருடால்ப்.

அப்பா அம்மாவைப் பிரிந்த ஏக்கம் ஒரு பக்கம். புது ஊர், புதுப் பள்ளி என்ற பயம் ஒரு பக்கம். ஆனாலும், படிப்பை விடவில்லை. 14 வயதிலேயே தான் ஒரு பொறியாளர் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான். வகுப்பில் முதல் மாணவனாகத் தேறினான். 1875ஆம் ஆண்டு மியூனிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. மகன் வேலைக்குப் போனால் குடும்பத்துக்கு உதவியாக இருக்குமே என்று பெற்றோர் நினைத்தார்கள். ருடால்போ படிப்பைத்தான் தேர்ந்தெடுத்தார்.

நூறு ரூபாயில் தொண்ணூறு வீண்!

மியூனிக்கில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரங்களை உருவாக்கிப் புகழ்பெற்ற அறிஞர். வெப்பத்தைப் பற்றி அவர் நடத்திய பாடம் ருடால்பின் வாழ்க்கையையே மாற்றியது.

அந்தக் காலத்தில் தொழிற்சாலை, ரயில், கப்பல் எல்லாமே நீராவி இயந்திரத்தால்தான் ஓடின. நிலக்கரியை எரித்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியால் சக்கரத்தைச் சுழற்றுவார்கள். ஆனால் எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் எவ்வளவு உண்மையில் வேலையாக மாறியது தெரியுமா? பெரும்பாலான இயந்திரங்களில் பத்து சதவீதம்கூட இல்லை!

இப்படி யோசித்துப் பாருங்கள். அம்மா உங்களிடம் 100 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார். போகும் வழியில் பையில் இருந்த ஓட்டை வழியாக 90 ரூபாய் விழுந்துவிடுகிறது. மீதி 10 ரூபாய்க்குத்தான் சாமான் வாங்கி வருகிறீர்கள். வீட்டில் சும்மா விடுவார்களா? உலகம் முழுவதும் நீராவி இயந்திரங்கள் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. வெப்பத்தில் பெரும் பகுதி புகைபோக்கி வழியாகவும், வெளியேறும் நீராவியோடும் காற்றில் கலந்து போனது.

இந்த ஓட்டையை அடைத்தே தீருவது என்று அந்த மாணவர் முடிவு செய்தார்.

இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நீராவி இயந்திரம் பெரியது, விலையும் அதிகம். பணக்கார முதலாளிகளால்தான் அதை வாங்க முடியும். தன் அப்பாவைப் போன்ற சிறு பட்டறைக்காரர்கள் அவர்களோடு போட்டி போட முடியாமல் நசிந்து போவதை ருடால்ப் பார்த்திருந்தார். குறைந்த எரிபொருளில் ஓடும் சிறிய இயந்திரம் ஒன்று கிடைத்தால், அந்த ஏழைக் கைவினைஞர்களும் பிழைத்துக்கொள்வார்கள் அல்லவா?

கடைசித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. தேர்வு எழுத முடியவில்லை. மறு தேர்வுக்குக் காத்திருந்த நாட்களில் ஸ்விட்சர்லாந்தில் உள்ள சூல்சர் தொழிற்சாலையில் வேலை பழகினார். 1880இல் தேர்வெழுதி, மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் வெற்றி பெற்றார். பிறகு, தன் ஆசிரியர் லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலை வேலைக்காகப் பாரிஸ் போனார். ஐஸ் செய்வது பிழைப்பு. இன்ஜின் செய்வது கனவு. இப்படியே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடின.

சைக்கிள் பம்ப் சொல்லும் ரகசியம்

உங்கள் வீட்டில் சைக்கிள் பம்ப் இருக்கிறதா? டயருக்கு வேகமாகக் காற்று அடித்துவிட்டு, பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். காற்றைச் சின்ன இடத்தில் அழுத்தி அடைத்தால் அது சூடாகும். எவ்வளவு அதிகமாக அழுத்துகிறோமோ, அவ்வளவு சூடு!

டீசலின் இன்ஜினுக்கு அடிப்படையே இதுதான். சிலிண்டர் என்னும் இரும்புக் குழாய்க்குள் வெறும் காற்றை மட்டும் இழுத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் மேலே வந்து அந்தக் காற்றைப் பலமாக அழுத்தும். காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்து எண்ணெயைப் பீய்ச்சினால் போதும். தீக்குச்சியும் வேண்டாம், மின்பொறியும் வேண்டாம், எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும்! எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். சக்கரம் சுழலும்.

கொதிகலன் இல்லை. புகைபோக்கி வழியே ஓடிப்போகும் வெப்பமும் குறைவு. காற்றை அதிகமாக அழுத்துவதால், எரியும் வாயுவுக்கு விரிவதற்கு நிறைய இடம் கிடைக்கிறது. அது விரிய விரிய, வெப்பம் வேலையாக மாறுகிறது.

1892ஆம் ஆண்டு இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார் டீசல். மறு ஆண்டு அது கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடமும் ஆட்களும் கொடுத்தது. க்ரூப் நிறுவனம் பண உதவி செய்தது.

வெடித்தது கருவி!

1893 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் சோதனை. இன்ஜினுக்குள் எரிபொருள் செலுத்தப்பட்டது. அடுத்த நொடி... டமார்! அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துத் துண்டு துண்டாகச் சிதறியது. நல்லவேளையாக, டீசல் உயிர் தப்பினார்.

வேறு யாராவது என்றால் பயந்துபோய் விட்டிருப்பார்கள். டீசலோ மகிழ்ந்தார்! அழுத்திய காற்றிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்பது நிரூபணமாகிவிட்டதே!

இன்ஜினைப் பிரித்தார்; மாற்றினார்; மீண்டும் பூட்டினார். 1894 பிப்ரவரி 17ஆம் தேதி அந்த இன்ஜின் முதன்முறையாகத் தன் சொந்த பலத்தில் ஓடியது. எவ்வளவு நேரம் தெரியுமா? ஏறக்குறைய ஒரே ஒரு நிமிடம்! 88 சுற்றுகள் சுற்றிவிட்டு நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை ஆண்டு உழைப்பு!

அதன் பிறகும் வேலை முடியவில்லை. எண்ணெயைச் சீராகத் தூவுவது எப்படி? சிலிண்டர் சூட்டில் உருகாமல் காப்பது எப்படி? காற்று கசியாமல் தடுப்பது எப்படி? ஒவ்வொன்றாகச் சரிசெய்ய மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின.

1897 பிப்ரவரி மாதம், பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து இன்ஜினை முறைப்படி சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது என்று கண்டறிந்தார். பத்து ரூபாய்க்குச் சாமான் வாங்கிய இடத்தில் இப்போது 26 ரூபாய்க்கு வாங்கலாம்! அன்றைக்கு உலகில் இருந்த எந்த வெப்ப இயந்திரமும் அவ்வளவு சிக்கனமாக ஓடியதில்லை.

கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

1900ஆம் ஆண்டு பாரிஸில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே டீசல் இன்ஜின்களில் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது. பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்! பெட்ரோலியம் கிடைக்காத நாடுகளின் விவசாயிகள், தாங்கள் விளைவிக்கும் எண்ணெயிலேயே இன்ஜினை ஓட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பின்னாளில் டீசலுக்கு மிகவும் பிடித்துப்போனது.

1912ஆம் ஆண்டு, 'செலாண்டியா' என்ற டென்மார்க் நாட்டுக் கப்பல் டீசல் இன்ஜினுடன் பாங்காக் வரை பயணம் புறப்பட்டது. அதில் புகைபோக்கியே கிடையாது. கரியை அள்ளிப் போடும் ஆட்கள் கூட்டமும் தேவைப்படவில்லை.

புகழ் வந்தது, பணமும் வந்தது. ஆனால், நிம்மதி வரவில்லை. ஆரம்பத்தில் விற்கப்பட்ட இன்ஜின்கள் சில அடிக்கடி பழுதாகி நின்றன. வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். கண்டுபிடிப்பே உங்களுடையது இல்லை என்று சிலர் வழக்குப் போட்டார்கள். இடைவிடாத உழைப்பால் உடல்நலம் கெட்டது. போட்ட முதலீடுகளும் நஷ்டமாகிக் கடன் சேர்ந்தது. சிறு பட்டறைக்காரர்களுக்காக அவர் நினைத்த இன்ஜின், பெரிய தொழிற்சாலைகளுக்கும் கப்பல்களுக்கும்தான் அதிகமாகப் போனது.

1913 செப்டம்பர் 29ஆம் தேதி இரவு. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் 'டிரெஸ்டன்' கப்பலில் இருந்தார் டீசல். நண்பர்களுடன் இரவு உணவு சாப்பிட்டார். பத்து மணி வாக்கில் தன் அறைக்குப் போனார். காலையில் பார்த்தால் அறையில் ஆள் இல்லை. படுக்கையில் படுத்த அடையாளமும் இல்லை. சில நாட்களுக்குப் பிறகு கடலில் அவரது உடலைக் கண்டவர்கள் எடுத்துவந்த பொருட்களைப் பார்த்து, அவருடைய மகன் அடையாளம் சொன்னார். அந்த இரவில் என்ன நடந்தது என்பது இன்றுவரை புதிர்தான். அப்போது டீசலுக்கு வயது 55.

லாரியில் ஏறிய டீசல்

குழந்தைகளே, ஒரு சோகமான விஷயம் தெரியுமா? டீசல் இன்ஜின் பூட்டிய லாரிகள் சாலையில் ஓடுவதைப் பார்க்க டீசலுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் காலத்து இன்ஜினில், எண்ணெயைப் பீய்ச்சுவதற்கே கனமான காற்றழுத்தக் கருவி ஒன்று தேவைப்பட்டது. அதைத் தூக்கி லாரியில் வைத்தால், லாரியில் சரக்கு ஏற்ற இடம் ஏது? லாரிக்கு ஏற்ற சிறிய இன்ஜின் செய்யவும் அவர் முயன்றார். வெற்றி கிடைக்கவில்லை.

அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1923இல், ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனம் டீசல் லாரியை ஓட்டிப் பார்த்தது. பெட்ரோல் லாரியைவிடக் கால் பங்கு எரிபொருள் மிச்சமானது! அதற்கு அடுத்த ஆண்டு எம்.ஏ.என். நிறுவனமும் டீசல் லாரியை வெளியிட்டது. டீசல் தன் முதல் இன்ஜினைச் செய்த அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வழிவந்த நிறுவனம் அது! 1927இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் கையடக்கமான எண்ணெய்ப் பம்பைத் தயாரித்துக் கொடுத்தது. கனமான காற்றழுத்தக் கருவிக்கு விடை கொடுத்தாயிற்று. அதன்பின் உலகம் முழுவதும் லாரிகள் டீசலுக்கு மாறின.

ஓட்டையை அடைக்கும் வேலை அதோடு நிற்கவில்லை. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகைக்கும் வேகம் உண்டு அல்லவா? அந்த வேகத்தால் ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அடைக்கலாம் என்று ஆல்பிரட் பூக்கி என்ற ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் 1905லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதுதான் 'டர்போ'. இன்றைய லாரிகளில் பெரும்பாலும் அது இருக்கிறது. நல்ல லாரி இன்ஜின்கள் இப்போது எரிபொருளின் வெப்பத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் வேலையாக மாற்றுகின்றன. டீசல் தொடங்கி வைத்த 26, எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

மீதி டிரைவர் கையில்!

எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும், அது மிச்சம் பிடித்ததை வெளியே வீணாக்கிவிட முடியும். எப்படி என்று கேட்கிறீர்களா?

முதல் எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்! அதனால்தான் கேபினுக்கு மேலே சாய்வான தகடு ஒன்றைச் சில லாரிகளில் பொருத்துகிறார்கள். எதிர்க்காற்று சரக்கின்மேல் நேராக மோதாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். தார்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே போனாலும் டீசல் வீண்தான். இழுத்துக் கட்டினால் மிச்சம்.

இரண்டாவது எதிரி டயர். காற்று குறைந்த டயர் தரையில் அமுங்கி நசுங்கி உருளும். நசுங்கும்போது சூடாகும். அந்தச் சூடும் டாங்கில் இருந்த டீசலிலிருந்து வந்ததுதானே! காற்று இறங்கிய சைக்கிளை மிதித்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

மூன்றாவது, ஓட்டும் பழக்கம். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிகிறது. ஒரு டிரைவர் அதுவரை வேகமாகப் போய்ச் சட்டென்று பிரேக் போடுகிறார். இன்னொருவர் முன்பே காலை எடுத்துவிட்டு மெதுவாக வருகிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் கிளம்பப் போகிறார்கள். ஆனால், முதலாமவர் எரித்த டீசல் எல்லாம் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போயிற்று! நின்றபடியே இன்ஜினை ஓடவிட்டாலும் வீண்தான். பெரிய லாரி இன்ஜின் அப்படி ஒரு மணி நேரம் ஓடினால், ஏறக்குறைய 2 முதல் 3 லிட்டர் வரை குடித்துவிடும்.

மலை இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு இறங்கினால் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆபத்து! பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். மிச்சமும் கிடையாது. இன்றைய இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எண்ணெய் போவது நின்றுவிடும். நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும்.

சரி, ஒரு கணக்கு! ஒரு லாரி ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் எத்தனை லிட்டர் வேண்டும்? 25,000 லிட்டர். அதையே 5 கிலோமீட்டர் கொடுக்கும்படி ஓட்டினால்? 20,000 லிட்டர் போதும். ஒரே லாரியில் 5,000 லிட்டர் மிச்சம்!

பணம் மட்டுமா மிச்சம்? ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கரியமில வாயு உண்டாகும். ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவு ஆயிற்றே என்கிறீர்களா? டீசலில் உள்ள கார்பன், காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வதால்தான் எடை கூடுகிறது. 5,000 லிட்டருக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். 13,000 கிலோ வரும்! பூமி சூடாவதற்கு இந்த வாயு ஒரு முக்கியக் காரணம். டீசல் புகையில் உள்ள கரித்துகளும் நுரையீரலுக்குக் கெடுதல். மின்சார லாரிகள் வரத் தொடங்கிவிட்டாலும், டீசல் லாரிகள்தான் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அதுவரை அவை குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் நாம் மூச்சுவிடும் காற்றின் கணக்கில்தான் சேரும்.

கைவண்டி தள்ளிய பையன் ஒருவன் வகுப்பறையில் கேட்ட ஒரு பாடம்தான் இத்தனைக்கும் ஆரம்பம். நூற்றில் தொண்ணூறு வீணாகிறது என்பதை அவனோடு கேட்டவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவனோ அதை மனதில் எழுதிக்கொண்டான்.

நீங்களும் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சைக்கிள் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். சிக்னலில் நீண்ட நேரம் நிற்கும்போது வண்டியை அணைக்கும்படி அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஞாபகப்படுத்துங்கள். அடுத்த முறை லாரி டாங்கில் 'டீசல்' என்ற பெயரைப் பார்த்தால், அந்த நல்ல மனிதரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். என்ன, சரிதானே குழந்தைகளே?